எலுமிச்சம்பழத்திற்கு நின்றவர்கள்

2024 ஆகஸ்டு 13, செவ்வாய்க்கிழமை. அன்று மாலை எங்கள் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில், ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியைப் பெற்றோர் அனைவரும் பார்க்க எழுந்து நிற்கச்செய்து மன்னிப்புக் கேட்கவைத்தோம். பள்ளிவாசலில் வண்டிகளை ஒழுங்காக நிற்கவைத்தாள் என்பதே அவள்மீது சாட்டப்பட்ட குற்றம். இது அநியாயம். அந்த அநியாயத்தைத் தலைமையேற்று நடத்தியவன், நெடுங்காலம் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆலோசகர் என்னும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நான். ஆகவே முறையிடுபவனும் முறையிடப்படுபவனும் ஒருவனே என்பதை வாசகர் மனத்தில் கொள்க.

எங்கள் பள்ளி ஈப்போவிற்குத் தெற்கே, தாப்பாவை நோக்கிச் செல்லும் பழைய சாலையிலிருந்து உள்ளே பிரியும் கிளைச்சாலை ஒன்றில் இருக்கிறது. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள் லயத்து வீடுகளிலிருந்து நடந்து வருவதற்காகக் கட்டப்பட்ட பள்ளி அது. வாசலுக்கு முன்னுள்ள சாலை, ரப்பர்ப் பால் ஏற்றிய ஒற்றை லோரி போய்வருவதற்கு அளவெடுத்துப் போட்டது. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, வரிசை வீடுகள் நிறைந்த தாமானாகிவிட்டது. மாணவர் எண்ணிக்கை தேய்ந்து பள்ளியை மூடிவிடுவார்களோ என்று அஞ்சிய காலத்தில், நாங்களே ஈப்போ நகரத்துப் புந்தோங்கிற்குப் போய் வீடு வீடாகக் கதவைத் தட்டி, 'உங்கள் பிள்ளையை எங்களிடம் அனுப்புங்கள்' என்று கைகூப்பினோம். அவர்களும் மனமிரங்கி அனுப்பினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வண்டியில் வந்தது. கைகூப்பி அழைத்தவர்களைக் கடிந்துகொள்ள முடியுமா? முடியாது. எங்கள் பள்ளிவாசலின் கதையை இந்த ஒரு கேள்விக்குள் அடக்கிவிடலாம்.

பிற்பகல் மணியடித்ததும் அங்கே நடப்பதைப் பார்த்தால் இரத்தம் கொதிக்கும். இரு பக்கச் சமிக்ஞை விளக்குகளையும் மினுக்கவிட்டால் உலகத்தில் எந்த இடத்திலும் வண்டியை நிறுத்தலாம் என்பது நம் மக்களின் எழுதாச் சட்டம். மஞ்சள் கோட்டின்மீது நிறுத்துவார்கள். பிள்ளைகள் கடக்கும் வரிக்கோட்டின்மீது நிறுத்துவார்கள். நிறுத்திய வண்டிக்குப் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நலம் விசாரிப்பார்கள். கேட்டால், “ஒரே நிமிஷம்லா சார், பிள்ள வந்துட்டா போயிருவேன்” என்பார்கள். அந்த ஒரே நிமிடங்களுக்கு இடையில், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் தம் உயரத்தில் பாதியளவுள்ள முதுகுப்பையோடு புகுந்து புகுந்து வெளிப்படுவார்கள்.

இதைச் சரிசெய்ய முனைந்தவர்கள் மாணவர்கள். கலாதேவி ஆசிரியை சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார். அதன் தலைவி ஷர்மினி. தொழிற்சாலையில் முறைவேலை பார்க்கும் நவமணியின் மகள். அதிகம் பேசமாட்டாள், எதையும் உற்றுப் பார்த்துக்கொண்டே நிற்பாள். தோளிலிருந்து நழுவும் ஒளிர்சட்டையை ஊசி குத்தி நிறுத்திக்கொண்டு, கையில் பலகை பிடித்து, வரிக்கோட்டின் ஓரத்தில் நிற்பாள். வண்டிகள் நின்ற பிறகு சிறுபிள்ளைகளை வரிசையாகக் கடக்கச்செய்ய வேண்டும் என்பது திட்டம். வண்டிகள் நின்றால்தானே?

முதல் நாள் அவள் எழுதிவந்த பலகையில் 'மெதுவாக செல்லவும்' என்று இருந்தது. ஒற்று விடுபட்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. திருத்தி எழுதிவரச் சொன்னேன். அவள் போய்த் திருத்திக்கொண்டு திரும்பும்வரை வரிக்கோட்டில் யாரும் நிற்கவில்லை. ஒற்றுடன் கூடிய பலகையையும் எந்த ஓட்டுநரும் வாசிக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

எனவே நான் களத்தில் இறங்கினேன். சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில் சாலையொழுக்கத்தைப் பற்றி நெடுநேரம் உரையாற்றினேன். சுற்றறிக்கை ஒன்றும் எழுதி வீடுதோறும் அனுப்பினேன். 'பெற்றோர்களே' என்று பிழையாக விளிக்காமல் 'பெற்றோரே' என்று தொடங்கி, கண்டிப்பும் கனிவும் சரிபாதியாகக் கலந்து, மூன்று முறை திருத்திய சுற்றறிக்கை அது.

சில நாள் கழித்து, ஜூலையின் நடுவில், வண்டிகள் நின்றன. வரிக்கோட்டிற்கு முன்னால், ஒரு வண்டி நீளம் இடம் விட்டு, இரு புறமும் பணிவாக நின்றன. மஞ்சள் கோட்டின்மீது ஒரு சக்கரமும் இல்லை. பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு, கோயிலைச் சுற்றுபவர்களைப்போல நிதானமாகக் கடந்தார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் பேத்தி ஜூலியானாவை ஏற்றிச்செல்ல நானும் நாள்தோறும் அங்கே வருபவன். வரிக்கோட்டின் இரு முனையிலும், பாதியாக வெட்டிக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழங்கள் கிடந்ததை நானும் பார்த்தேன். யாரோ புது வண்டிக்குப் பூசை போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். கண்ணாடியில் செபமாலை தொங்கும் வண்டி என்னுடையது. இப்படிப்பட்டவற்றில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆயினும் என் கைகள் என்னைக் கேளாமலே வண்டியை ஒடித்துத் தள்ளி நிறுத்தின. அதைப்பற்றி நான் மேற்கொண்டு சிந்திக்கவில்லை. வீட்டிற்குப் போய் என் மனைவி அகதாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

“பாத்தியா அகதா, சொல்ற முறையில சொன்னா நம்ம ஆளுங்க கேப்பாங்க.”

“ஆமா. நீங்க சொல்லி நா கேட்ட மாதிரி” என்றாள் அவள்.

ஆகஸ்டு 13 ஆம் நாள் கூட்டத்தைக் கூட்டச் சொன்னவன் நானே. பெற்றோருக்கு நன்றி கூறவும் மாணவர்க்கு நற்சான்றிதழ் வழங்கவுமாக அந்தக் கூட்டம். குழுவின் பிள்ளைகள் ஒளிர்சட்டையுடன் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். சொல்லின் ஆற்றலைப்பற்றி நான் பேசி முடித்தபோது, நடுவரிசையிலிருந்து தீபன் எழுந்தார். முன்பு என்னிடம் படித்தவர். இப்போது வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவருடைய பிள்ளைகள் மூவர் எங்கள் பள்ளியில் படிக்கிறார்கள்.

“நல்லா பேசுனீங்க சார். ஆனா ஒரு விஷயம் கேக்கணும். நம்ம ஸ்கூல் முன்னுக்கு யாரோ செய்வினை வைக்கிறாங்க. தெனம் தெனம் பழம். நா ரிவர்ஸ் எடுக்கறப்ப ஒன்னு டயர்ல மாட்டிக்கிச்சு. மறுநாளே எங்கம்மா குளிக்கிற ரூம்புல வழுக்கி விழுந்துட்டாங்க. சும்மா ஆகுமா இதெல்லாம்?”

மண்டபம் சலசலத்தது. தாமும் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள். பார்த்ததிலிருந்து அந்தப் பக்கம் சக்கரத்தை விடுவதில்லை என்றார்கள். “கேண்டீன்லதான் மூட்ட மூட்டையா எலுமிச்ச கெடக்கு” என்று ஒரு குரல் வந்தது. எல்லாருடைய தலையும் கதவருகில் தேநீர்த் தட்டுடன் நின்றிருந்த ராக்காயியின் பக்கம் திரும்பியது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை நடத்துபவர் அவர்.

“ஐயோ, எம்புள்ளைங்க மேல சத்தியமா நா வைக்கல. சாப்பாடு போடுற கை தம்பி இது” என்றார் ராக்காயி. தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

“அப்ப வேற யாருலா வச்சா? கேண்டீன் ஆள மாத்துங்க சார். இல்லன்னா எம்பிள்ளைங்கள நா வேற ஸ்கூலுக்கு மாத்திக்கிறேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்தார். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள். நாங்கள் புந்தோங்கில் கைகூப்பிய வீடுகளுள் அதுவும் ஒன்று. ராக்காயியின் பிழைப்பு அந்த நொடியில் எங்கள் இருவர் பார்வைக்கு இடையில் கிடந்தது. அப்போது முன்வரிசையில், வகுப்பில் உயர்த்துவதுபோல, ஒரு கை உயர்ந்தது.

“ராக்காயி அக்கா வைக்கல ஐயா. நான்தான் வச்சேன்” என்றாள் ஷர்மினி.

“நீயா? எதற்காக?”

“பலகைய பிடிச்சா யாரும் நிக்கல ஐயா. அப்பறம் ஒரு நாள் கோயில் கிட்ட பூச போட்ட பழம் ரோட்டுல கெடந்துச்சு. எல்லா காடியும் ஒதுங்கிப் போறத பாத்தேன். மொதல்ல வெறும் பழந்தான் வச்சேன். நசுக்கிட்டுப் போய்ட்டாங்க. வெட்டி, குங்குமம் தடவி வச்சதுக்கு அப்பறந்தான் நிக்கிறாங்க.” சற்று நிறுத்தி, உண்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது என்பதுபோல, “தீபன் அங்கிளுந்தான்” என்றாள்.

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. “அடேய் தீபா, பழத்த பாத்து பயந்துட்டியா மச்சான்!”

நான் அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “அப்படியானால், நான் அனுப்பிய சுற்றறிக்கை?” என்று அவளிடம் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். பதில் பின்னாலிருந்து வந்தது. “எந்த சுற்றறிக்க சார்?” இந்த முறை சிரித்தவர்கள் பின்வரிசையினர் மட்டும் அல்லர்.

அதன்பின் நடந்தவற்றை வரிசையாகவே எழுதுகிறேன். தீபன் சிவந்த முகத்தோடு, “சாமி விஷயத்துல வெளையாடுறதா? ஒரு சின்னப் பொண்ணு நம்ம எல்லாரையும் முட்டாளாக்கிட்டா. மன்னிப்பு கேக்கணும்” என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும்: அவள் செய்ததில் என்ன தவறு என்று நான் கேட்டிருந்தால், அந்த மண்டபத்தில் ஒருவராலும் விடைசொல்லியிருக்க முடியாது. நம் பிள்ளை கையை நீட்டியபோது நில்லாத நாம், வெட்டிய பழத்தைக் கண்டு நின்றோமே, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை எண்ணித்தான் கேட்கவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் சுற்றறிக்கையை யாரும் வாசிக்கவில்லை என்பதுதான் எனக்குச் சுட்டது. என் சொல்லுக்குக் கிடைத்ததாக நான் நம்பியிருந்த மரியாதை ஓர் எலுமிச்சம்பழத்திற்குக் கிடைத்தது என்பதை, இத்தனை பேர் நடுவில் எனக்குச் சொல்லிவிட்டாள் அவள். பன்னிரண்டு வயதுக் குழந்தைமீது எனக்குக் கோபம் வந்தது.

“எழுந்து நின்று மன்னிப்புக் கேள்” என்றேன்.

அவள் எழுந்தாள். தன் தாயைத் தேடினாள். நவமணி தொழிற்சாலைச் சீருடையுடன் சுவரோரம் நின்றிருந்தார். “கேட்டுரும்மா. எனக்கு வேலைக்கு நேரமாச்சு. கேட்டுட்டு வா, போலாம்” என்றார், யாரையும் பாராமல்.

“நான் செய்தது தவறு. அனைவரும் என்னை மன்னிக்க வேண்டுகிறேன்” என்றாள் ஷர்மினி. பிழையற்ற இரண்டு வாக்கியங்கள். என்னிடம் பேசுகையில் பிள்ளைகள் தேடிப்பிடித்துப் பேசும் எழுத்துத்தமிழ். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். இனிப் பிள்ளைகள் சாலையில் நிற்கவேண்டா என்று அங்கேயே முடிவு செய்து, ஒளிர்சட்டைகளைக் கழற்றி வாங்கி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டார்கள். ஷர்மினி முதலில் ஊசியைக் கழற்றி, அது யாரையும் குத்திவிடாதபடி மடக்கி, பிறகு சட்டையைக் கொடுத்தாள். வெளியே வரும்போது கலாதேவி ஆசிரியை என்னைக் கடந்து போனார். “நீங்களாவது பேசுவீங்கன்னு நெனச்சேன் சார்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பழங்கள் இல்லை. வண்டிகள் பழைய இடத்திற்கு வந்துவிட்டன, ஏதோ வெளியூர் போய்த் திரும்பியவைபோல.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. ஜூலியானாவிற்குச் சளி. நனையக்கூடாது. வாசலுக்கு நேராக இடம் இருந்தது; இருந்தது என்ன, வரிக்கோடுதான் இருந்தது. இரு பக்க விளக்குகளையும் மினுக்கவிட்டு அதன்மீது நிறுத்தினேன். ஒரே நிமிடம் என்று நினைத்தேன். அந்தச் சொல்லையே நினைத்தேன். அப்போது என் வண்டியின் முன்மூக்கை ஒட்டி, தலைக்குமேல் பையைப் பிடித்தபடி, முதலாம் ஆண்டு மாணவன் தனேஸ்வரன் எதிர்ப்புறம் நின்ற தன் தந்தையின் மோட்டார்சைக்கிளை நோக்கி ஓடினான். பக்கத்தில் ஒரு கார் மெதுவாகத்தான் கடந்துகொண்டிருந்தது. சக்கரங்கள் கீச்சிட்டன. பெரிய ஓசை ஒன்றும் இல்லை. ஈரத் துணிமூட்டை தரையில் விழுவதுபோல ஓர் ஓசை.

காரை ஓட்டிய பெண் இறங்கி மழையில் நின்று, “நா பாக்கலயே, நா பாக்கலயே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரால் பார்த்திருக்க முடியாது. அவர் கண்ணுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றது என் வண்டி. நான் கதவைத் திறக்க எண்ணியும் கை வரவில்லை. வாசலுக்குள்ளிருந்து ஷர்மினி ஓடிவந்தாள். ஒளிர்சட்டை இல்லை. சாலையின் நடுவில் நின்று, வெறுங்கையை நீட்டி, பின்னால் வந்த லோரியை நிறுத்தினாள். லோரி நின்றது. அதன்பிறகே பெரியவர்கள் ஓடிவந்தார்கள்.

பிள்ளைக்குக் கை எலும்பு முறிந்தது. வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லை என்று எழுதும்போதே கூசுகிறது. மருத்துவமனையில் அவனுடைய தந்தையிடம், மறைத்து நின்ற வண்டி என்னுடையது என்று சொன்னேன். அவர் புரியாதவர்போல என்னைப் பார்த்து, “பரவால்ல சார், எல்லாருந்தானே நிப்பாட்டுறோம்” என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அங்கே வருகையாளர் நாற்காலிகளில் தீபனும் இருந்தார். கெட்டவர் அல்லர், முதல் ஆளாகப் பிள்ளையைத் தூக்கித் தம் வண்டியில் கொண்டுவந்தவர் அவரே. என்னைத் தனியே அழைத்துப்போய், “பாத்தீங்களா சார்? பழத்த எடுத்தோம், நடந்துருச்சு. வாசல் முன்னுக்கு ஒரு சூலம் நட்டு, சின்னதா கூர போட்டுருவோம். சிமெந்து, மணல் எல்லாம் நா பாத்துக்கிறேன். அப்பறம் எவன் நிப்பாட்டுவான்?” என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நல்ல நாள் பார்க்கவேண்டும் என்று ஒருவர் சொன்னார். வண்டியைத் தள்ளி நிறுத்தலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கூட்டத்தில் திட்டியவர்களே அடுத்த திங்கட்கிழமை ஷர்மினியைத் தேடிப்போய், “பாப்பா, நீ எப்படி வெட்டி வச்சன்னு காட்டு, அதே மாதிரி வைப்போம்” என்றார்களாம்.

அன்று பள்ளி முடிந்தபின், ஆளற்ற தாழ்வாரத்தில் அவள் என்னிடம் வந்தாள்.

“சூலமெல்லாம் வேணாம்னு சொல்லுங்க ஐயா. பழமே சரியா வரல. ஒன்னாம் ஆண்டு பிள்ளைங்க மிதிக்க பயந்துக்கிட்டு, சுத்தி வந்து ரோட்டுல எறங்குச்சுங்க. நிறுத்திரணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள மீட்டிங் வந்துருச்சு.”

“பின்னே என்ன செய்யலாம் என்கிறாய்?”

“காடியெல்லாம் கோயில் தெடல்ல நிக்கட்டும். நாங்க பிள்ளைங்கள வரிசையா அங்க கூட்டிட்டு வாரோம். நடக்கற தூரந்தானே. இத மொதல்லயே சொன்னோம். பெரியவங்க நடக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க.” பிறகு, கேட்பதற்கே அஞ்சுபவள்போல, “நாளைக்கு நா நிக்கலாமா ஐயா?” என்றாள்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மண்டபம் நிறைந்த மக்கள் பார்க்க ஒரு குழந்தையிடமிருந்து வாங்கியதை, காற்றும் காகமும் கேட்கத் தாழ்வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட முடியுமா? அதற்கும் ஒரு மண்டபம் வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவளிடம், “நில்லம்மா. நானும் நிற்கிறேன்” என்று மட்டும் சொன்னேன். அட்டைப்பெட்டியைத் திறந்து அவள் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அளவான சட்டை அதில் இல்லை.

இப்போது பிற்பகல் மணியடித்துவிட்டது. தூறல் விழுகிறது. திடலில் நிற்கும் வண்டிகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும். அவற்றுள் ஒன்று என்னுடையது. வாசலுக்குள் பிள்ளைகள் கைகோத்து வரிசையில் நிற்கிறார்கள். வரிக்கோட்டின் இந்த முனையில் நானும், அந்த முனையில் ஷர்மினியும் நிற்கிறோம். கடுகத்தனை உருவமுடைய ஒருத்தி தன் முன்னாலிருப்பவளின் பையைப் பற்றிக்கொண்டு முதல் காலைச் சாலையில் வைத்துவிட்டாள். வளைவிலிருந்து ஒரு கார் திரும்புகிறது. இரு பக்க விளக்குகளும் இப்போதே மினுங்கத் தொடங்கிவிட்டன. முகப்புக் கண்ணாடியில் துடைப்பான் இங்கும் அங்கும் போகிறது. ஓட்டுபவரின் முகம் ஒரு கணம் தெரிவதுபோல் தெரிந்து மறைகிறது. ஷர்மினி கையை நீட்டியிருக்கிறாள். நானும் நீட்டியிருக்கிறேன். உள்ளே இருப்பது யார் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களாக இருந்தால், ஐயா, அம்மா, வண்டியை நிறுத்துங்கள்.